சுண்ணாம்பு என்று நினைத்த மாத்திரை

கரைசலில் மின்சாரம் செலுத்தி மருந்தைக் கண்டறிய நான் செய்த மின்முனை, இன்று முதன்முதலாக ஒரு நிஜ மாத்திரையை அடையாளம் கண்டுகொண்டது.

காலையில் அஸ்தம்பட்டியில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, பக்கத்து வீட்டுப் பாவாயி அக்கா காய்ச்சல் மாத்திரை அட்டையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார்.

"ஏனுங்க டீச்சர், இது நெசமான பாராசிட்டமால்தானுங்களா? கடிச்சுப் பாத்தா சுண்ணாம்பாட்ட இருக்குது. புள்ளைக்குக் குடுக்கப் பயமா இருக்குதுங்க."

நான் வேதியியல் கற்பிக்கும் கல்லூரியின் ஆய்வகத்தில் மாத்திரையைக் கரைத்து, அந்தக் கரைசலில் மின்முனையை இறக்கினேன். கிராஃபைட் தூளோடு களிமண்ணையும் எண்ணெயையும் குழைத்து, கண்ணாடிக் குழாயில் அடைத்துச் செய்தது. இதுவரை சுத்தமான பாராசிட்டமால் தூளை மட்டுமே அதில் சோதித்திருந்தேன்.

மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றினேன். வரைபடத் தாளில் மின்னோட்டத்தை வரையும் பேனா தரையோடு தரையாகவே போனது. பிறகு, சுத்தமான பாராசிட்டமாலுக்கு எங்கே எழுமோ சரியாக அதே இடத்தில் எழுந்து, குன்றுபோல வளைந்து இறங்கியது. மருந்தின் அளவைக் காட்டும் உயரமும் ஏறக்குறைய அதேதான்.

மதியமே ஓடிவந்து சொன்னேன்: "அக்கா, மருந்து இருக்குதுங்க. டாக்டர் சொன்னபடி குடுங்க."

சாயங்காலம் குழந்தைக்கு வேர்த்துக் காய்ச்சல் இறங்கிவிட்டது. சோறு கேட்டாளாம்.

இப்போது எதிர்வீட்டுக்காரர் இருமல் மருந்து பாட்டிலோடு வாசலில் நிற்கிறார். என் மின்முனைக்குத் தெரிந்தது பாராசிட்டமால் ஒன்றுதான். அவருக்கு என்ன பதில் சொல்லட்டும், நண்பர்களே?