பிரிக்காத பொட்டலம்

எங்கள் குலதெய்வக் கோயிலில் பூக் கேட்பது எளிய காரியம். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. இரண்டையும் தனித்தனி இலையில் வெளியே தெரியாமல் மடித்துச் சாமி முன் வைப்பார்கள். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை என்றால் சம்மதம், சிவப்பு என்றால் வேண்டாம். மற்றதைப் பிரிக்கும் வழக்கம் இல்லை. சாமி சொன்ன பிறகு சரிபார்க்க என்ன இருக்கிறது?

நான் பள்ளிக்கூட ஆசிரியை. கணவர் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மங்கலம் பக்கம் சொந்தக் கம்பெனி நடத்தும் வீட்டிலிருந்து எங்கள் மகளைப் பெண் கேட்டு வந்தபோது, வாசலில் நின்ற காரைத் தெருவே பார்த்தது. மகள் பி.எட். படிக்க விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தாள். இனி அதெல்லாம் எதற்கு என்று சிரித்தார் பையனின் அம்மா. எனக்கே அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. ஆனால் அதற்கு முந்தைய மாதம்தான் என் நாத்தனார், தன் மகளைச் சாயப்பட்டறைக்காரர் வீட்டில் கட்டிக்கொடுத்த கையோடு, பந்தியில் எல்லோர் காதிலும் விழ, "ஏனுங்க அண்ணி, வாத்தியாரூட்டுப் புள்ளைக்கு வாத்தியாருதான் அமையுமாட்ட இருக்குதுங்க" என்று சொல்லியிருந்தார்.

மகளிடம் சம்மதமா என்று கேட்டேன். பி.எட். விண்ணப்பத்தை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள். சாமியிடமே கேட்டுவிடலாம் என்றார் கணவர். அவர் பாரத்தை அங்கே இறக்கிவிட்டார். என்னால் முடியவில்லை. பூ மடிக்கும் வேலை என்னுடையது. ஒரு நந்தியாவட்டையை மடித்தேன். செவ்வரளியைக் கையில் எடுத்தேன், கீழே வைத்தேன், இன்னொரு நந்தியாவட்டையை மடித்தேன்.

வெள்ளைதான் வந்தது. மகள் திருநீறு பூசிக்கொண்டு, "சாமியே சொல்லிட்டா நான் என்னம்மா சொல்றது" என்றாள். வீட்டுக்கு வந்ததும் விண்ணப்பத்தைப் பழைய புத்தகங்களோடு சேர்த்துக் கட்டிவிட்டாள்.

அன்றிலிருந்து எனக்கு எல்லார் மேலும் சந்தேகம். பூசாரி மற்றப் பொட்டலத்தைப் பிரித்திருப்பாரோ? சாப்பிடும்போது கணவர் நிமிர்ந்து பார்த்தால், தெரிந்துவிட்டதோ? பையன் வீட்டார் நிச்சயத்துக்கு ஏன் இத்தனை அவசரப்படுகிறார்கள், எதை மறைக்கிறார்கள்? மகள் சாமியை நம்பித் துணிந்துவிட்டாள். அது சாமி சொன்னதில்லை என்று எனக்கு மட்டும் தெரியும்.

நிச்சயத்துக்கு ஒரு வாரம் இருக்கையில், புதுச் சேலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்த மகளிடம், இரண்டு இலையிலும் வெள்ளைப் பூவைத்தான் மடித்தேன் என்று சொன்னேன். மிஷின் நின்றது. திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அப்ப சாமி இன்னும் ஒண்ணுமே சொல்லலையாம்மா?" என்றாள்.

அவள் முகத்தில் கோபமே இல்லை, நிம்மதிதான் இருந்தது. அது என்னை உலுக்கிவிட்டது.

அன்றிரவு கணவரிடமும் சொன்னேன். இரண்டு நாள் அவரே சோறு போட்டுச் சாப்பிட்டார். மூன்றாம் நாள் கோயிலுக்குக் கிளம்பச் சொன்னார். செய்ததைப் பூசாரியிடம் நானே சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், மகளைக் காட்டி, "இந்தத் தடவை கண்ணு மடிக்கட்டுமுங்க" என்றார். மகள் தூணுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மடித்துக்கொண்டு வந்தாள்.

சிவப்பு வந்தது.

பையன் வீட்டுக்குத் தகவல் சொல்லக் கணவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் மற்றப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் செய்ததை இவள் செய்திருக்க மாட்டாளா? என் மகள்தானே. கை தானாக நீண்டது.

மகள் தடுக்கவில்லை. "பாக்கோணும்னா பிரிச்சுப் பாருங்கம்மா" என்றாள்.

விரல் இலையில் பட்டுவிட்டது. பிறகு கையை எடுத்துக்கொண்டேன்.

தேடி வந்த பெரிய இடத்தைத் திருப்பிவிட்டோம் என்று நாத்தனார் எங்களோடு பேசுவதில்லை. மகள் பி.எட். சேர்ந்துவிட்டாள். வகுப்பில் பாடம் நடத்தும்போதுகூட சில நாள் திடீரென்று அந்தப் பொட்டலம் நினைவுக்கு வந்து, உள்ளே என்ன பூ என்று மனம் கேட்கும். ஒவ்வொரு முறையும் அந்தக் கையை இலையிலிருந்து மறுபடி எடுக்கவேண்டியிருக்கிறது.