காரணம் கேட்ட வாத்தியார்

காலை எட்டரை மணி. உடப்புசல்லாவைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளி வாசலில், கறுப்புக் கோட்டணிந்த ஒல்லி வாத்தியார் பிள்ளைகளான எங்கள் கால்களைக் கடித்திருந்த அட்டைகளைச் சுண்ணாம்பு தடவி உதிர்த்துக்கொண்டிருந்தார். யார் எதைச் சொன்னாலும் "எப்படித் தெரியும்?" என்று கேட்பார். அவர் அங்கே நீடிப்பது அன்று வந்த பள்ளிப் பரிசோதகர் கையில் இருந்தது.

"தோட்டத்து மேல் டிவிஷன் பள்ளிக்கூடத்துக்குக் காட்டுப் பாதையால நடந்துபோய்ப் பாத்திட்டு இப்பத்தான் வாறன்," என்றார், வெள்ளைக் காலுறை போட்டிருந்த பரிசோதகர்.

"ஐயா அங்க போகலைங்க, சார்," என்றாள் ஒரு சிறுமி.

"எப்படித் தெரியும்?" வாத்தியாருக்கு வாய் முந்திக்கொண்டது.

"அந்தப் பாதையில அட்டை கடிக்காம வர முடியுமாங்க? ஐயா கால்ல போட்டிருக்க வெள்ளை மேசுல ஒரு சொட்டு ரத்தமில்ல."

"வேற காரணமும் இருக்கலாமில்ல? யோசி."

"மேசு மாத்தியிருக்கலாங்க. ஐயாகிட்டயே கேளுங்க, சார்."

வாத்தியார் கேட்டார். ஏன் கேட்டார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. பரிசோதகர் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

அடுத்த மாதம் வாத்தியாரை மேல் டிவிஷன் பள்ளிக்கு மாற்றினார்கள்.