அக்காவும் எட்டு வடிவ நடைபாதையும்

என் அக்கா சத்துணவு அமைப்பாளராக இருந்தவர். நாமகிரிப்பேட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு வேலைக் காலம் முழுக்கச் சைக்கிளில்தான் போய்வந்தார். ஓய்வு பெற்ற பிறகும் அதை விடவில்லை. எழுபதை நெருங்கும்போதும் காலையில் சந்தைக்குப் போய், முன்கூடையில் கீரையும் தக்காளியுமாகத் திரும்புவார். வழியில் நாலு பேரிடம் நின்று பேசாமல் வரமாட்டார். அடுத்த தெருவில் இருக்கும் எனக்கு ஊர்ச் செய்தியெல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும்.

சாலையை அகலப்படுத்தியபோது நடுவில் தடுப்புச் சுவர் வைத்தார்கள். வீடு இந்தப் பக்கம், சந்தை அந்தப் பக்கம். வண்டிகள் திரும்புவதற்கான இடைவெளி வெகுதூரம் தள்ளி, பெட்ரோல் பங்க் அருகே இருந்தது. அதுவரை லாரிகளோடு ஒட்டி ஓட்ட வேண்டும். ஒருநாள் போர்வெல் போடும் ரிக் லாரி ஒன்று உரசினாற்போலப் போனதில் அக்கா சைக்கிளோடு மண்ணில் சாய்ந்தார். முழங்கையில் சிராய்ப்புதான். ஆனாலும் அவர் மகன் சைக்கிளைப் பூட்டிச் சாவியை எடுத்து வைத்துக்கொண்டான். அவனைக் குறை சொல்லவும் முடியாது.

அக்கா சும்மா இருக்கவில்லை. பேரூராட்சியில் குறைகேட்புக் கூட்டம் நடந்தபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அவர் வயதுக்காரர்கள் இன்னும் சிலர் வந்திருந்தார்கள்.

“பெரியவங்க நடக்கறதுக்குன்னே பூங்கா வருதுங்கம்மா. எட்டு வடிவத்துல நடைபாதை போடறோம். உடம்புக்கு ரொம்ப நல்லது” என்றார் அதிகாரி.

“நல்லதுங்க. ஆனா எட்டுப் போட்டுட்டு நான் எங்கீங்க போறது?” என்றார் அக்கா. “நான் சந்தைக்குப் போகோணும். நடுவுல ஒரு வழி உட்டு, ஓரத்துல சைக்கிளுக்குக் கொஞ்சம் எடம் குடுங்க. நாங்களே போய்க்குவோம்.”

கூட்டத்தில் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தபடி, “மேல எழுதறனுங்கம்மா” என்றார். எழுதியும் இருப்பார்.

முதலில் பூங்காதான் வந்தது. அதுவும் சாலைக்கு அந்தப் பக்கம். மகன் நேரம் கிடைத்த காலைகளில் காரில் கொண்டுபோய் விடுவான். அக்கா கொஞ்ச நாள் அந்த எட்டில் சுற்றினார்.

“கிறுகிறுன்னு வருது சாமி. போற எடம்னு ஒண்ணு இல்லாம எப்படி நடக்கறது?” என்று என்னிடம் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அதன் பிறகு டிவி முன்னால்தான். காய்கறி வண்டி வாசலுக்கே வந்தது. முழங்கால் வீங்கியது. ஊரில் யாருக்கு என்ன என்று அவர் என்னைக் கேட்க ஆரம்பித்தார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வருஷங்கள் கழித்துத் தடுப்புச் சுவரை உடைத்து வழி விட்டார்கள். சிக்னல் வைத்தார்கள். ஓரத்தில் சைக்கிளுக்கு வெள்ளைக்கோடும் போட்டார்கள். பார்த்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன். மகனே பூட்டைத் திறந்து, காற்றடித்துக் கொடுத்தான்.

“ஏறுங்கக்கா, நான் புடிச்சுக்கறேன்” என்று கேரியரைப் பிடித்துக்கொண்டேன். அக்கா ஏறி உட்கார்ந்தார். மிதிக்கப் பார்த்தார். இரண்டு முறை என் பக்கமே சாய்ந்தார்.

“உடு சாமி. காலுக்கு மறந்து போச்சு.”

சரி, நடந்தாவது போவோம் என்று கிளம்பினோம். பச்சை விளக்கு விழுந்ததும் இறங்கினோம். பாதி தூரம் போவதற்குள் அது மாறிவிட்டது. நடுச்சுவர் ஓரம் நின்றோம். இரு பக்கமும் வண்டிகள் பறந்தன. அக்கா என் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தார். அடுத்த பச்சைக்குத்தான் மீதியைக் கடக்க முடிந்தது.

கீரைக்கார அம்மா அவரைப் பார்த்து எழுந்தே விட்டார். “ஏனுங்கக்கா, இத்தன நாளா எங்க போயிருந்தீங்க?”

“எங்கயும் போகலீங்க. ரோட்டுக்கு அக்கட்டால, அந்தப் பக்கந்தான் இருந்தேன்” என்றார் அக்கா.

திரும்பும்போது ஆட்டோ பிடித்தோம். அதற்கப்புறம் அவர் சந்தைக்குப் போகவில்லை.

இப்போது அந்த வெள்ளைக்கோட்டுக்குள் சில பெரியவர்கள் சைக்கிளில் போகிறார்கள். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்குக் கூட்டத்தில் வந்து கேட்டவர்களில் ஒருவரையும் அவர்களில் நான் பார்க்கவில்லை.