பெரியம்மா திருத்திய கடிதம்

என் பெரியம்மா பதினேழு வருடமாக ஆங்கிலம் திருத்துகிறார். வெளிநாட்டு மருத்துவர்களும் பேராசிரியர்களும் எழுதும் கட்டுரைகள் அவருடைய அலுவலகத்துக்கு வரும். ஒரே சொல்லை ஒரு நாட்டில் ஓர் எழுத்தைக் கூட்டியும் இன்னொரு நாட்டில் குறைத்தும் எழுதுகிறார்கள். கட்டுரை எந்த நாட்டுக்குப் போகிறதோ, அந்த நாட்டு வழக்குக்கு மாற்ற வேண்டும். இலக்கணப் பிழையும் களைய வேண்டும்.

அவர் எதையும் மேலிருந்து படிப்பதில்லை. கடைசி வாக்கியத்தில் தொடங்கி ஒவ்வொன்றாக மேலே ஏறுவார். வரிசையாகப் படித்தால் விஷயம் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும், கண் பிழையைத் தாண்டிவிடும் என்பார். பக்கத்து மேசைத் தோழிக்கும் அதே பழக்கம். ஒரு காற்புள்ளிக்காக அரை நாள் வாதாடுகிறவர் என்பதால் அலுவலகத்தில் அவருக்குக் 'காற்புள்ளி' என்றே பெயர். இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவர்கள்.

ஒரு மதியம் மேலாளர் பெரியம்மாவிடம் நான்கு பக்கக் கடிதம் ஒன்றைக் கொடுத்தார்.

"நம்ம ஆபீஸ் லெட்டர்தாம்மா. ரெண்டு நாட்டு ஸ்பெல்லிங்கும் கலந்து கெடக்கு. சட்டுனு பார்த்துக் குடுங்க."

அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார்.

மறுநாள் காலை அந்தக் கடிதம் எல்லோர் கைக்கும் வந்தது. இனிக் கணினியே திருத்தும். பதினொரு பேருக்கு வேலை இல்லை. பட்டியலில் காற்புள்ளியும் இருந்தார். கணினி செய்வதைச் சரிபார்க்க ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அது பெரியம்மா. அன்று நடந்ததை அவரே எனக்குச் சொன்னார்.

"நேத்தே தெரியும்ல உனக்கு? ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?" என்று கேட்டார் காற்புள்ளி.

"சத்தியமா தெரியாதுடி. கீழேருந்து பார்த்தேன். என்ன எழுதியிருக்குன்னு மனசுல ஏறவே இல்ல."

"ஆமாமா, நாங்க எல்லாம் காதுல பூ வெச்சிருக்கோம்" என்றார் பின்னால் நின்ற ஒருவர்.

காற்புள்ளி சிரிக்கவில்லை. "நான் நம்புறேன். நானும் அப்படித்தானே பார்ப்பேன். ஆனா என் பேரு இருந்துச்சே, அதுகூடவா கண்ணுல படல?"

"பட்டுச்சு. எழுத்து சரியா இருக்கான்னு பார்த்தேன்."

காற்புள்ளி கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பெரியம்மா வேலையை விடவில்லை. எங்கள் வீட்டில் சம்பளம் வாங்குகிறவர் அவர் ஒருவர்தான். பள்ளி முடித்துவிட்டு வேலை தேடி அலையும் நான் அதைக் குறை சொல்ல முடியாது.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் காற்புள்ளியின் வீட்டுக்குப் போய் வந்தார். இரண்டு தடவையும் அவர் கணவர் கதவைப் பாதி திறந்து, "தூங்குறா" என்றார். மூன்றாம் ஞாயிறு நானும் கூடப் போனேன். காற்புள்ளியே திறந்தார். கையில் ஈரத் துணி. வாசலை விட்டு விலகவில்லை. பெரியம்மா படியிறங்கப் போனார்.

"எங்கடி போற? செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா. இப்பதான் தரை துடைச்சேன்."