கழுநீரில் கிடந்த கீரை

எனக்கு எட்டு வயது நடந்தபோது ஒரு நாள் மத்தியானமே அப்பாவின் ஜீப் வீட்டு வாசலில் வந்து நின்றது. போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு விடியுமுன் மலையேறினால், பொழுது சாயும்போதுதான் அது திரும்பும். அன்று அதில் கூட்டம் இல்லை. முன்சீட்டில் அம்மா மட்டும் சாய்ந்து கிடந்தாள். அவளும் அந்த ஜீப்பில்தான் தினமும் காய் பறிக்கப் போவாள். செடிகளுக்கு நடுவே மயங்கி விழுந்தவளை நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு அப்பா கூட்டி வந்திருந்தார். அப்போது அவளுக்கு ஐந்து மாதம்.

உடம்பில் ரத்தமே இல்லை என்று நர்ஸம்மா திட்டினாராம். மாத்திரை கொடுத்து, தினமும் முருங்கைக்கீரை சாப்பிடச் சொல்லி, அடுத்த மாதமும் ரத்தம் ஏறவில்லையென்றால் தேனிப் பெரியாஸ்பத்திரியில் போய்ப் படுக்க வேண்டும், பிரசவத்தில் ஆளுக்கே ஆபத்து என்றும் சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் என்னிடம் யாரும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அத்தையிடம் அப்பா தணிந்த குரலில் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

அம்மாவுக்குக் கீரை ஆகாது என்பதும் அந்தப் பேச்சிலிருந்துதான் எனக்குத் தெரிந்தது. அதுவரை கீரை வைக்கிற நாளில் சட்டியை வழித்து எனக்கும் அப்பாவுக்கும் போட்டுவிட்டு, அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டு எழுந்துவிடுவாள். தனக்கென்று வைத்துக்கொள்ளாத தாய் என்று நான் பெருமைப்பட்டிருந்தேன். கண்ணுக்கு நல்லது, முடி வளரும் என்று சொல்லிச் சொல்லி எனக்கு ஊட்டியதெல்லாம் அவள் வாயில் வைக்காத பண்டமா என்று ஆத்திரமாக வந்தது. எனக்கும் கீரை பிடிக்காதுதான். ஆனால் என்னிடம் யாரும் கேட்டதில்லை.

அம்மா இனி அடுப்படியில் நிற்கக்கூடாது என்று அப்பாவே சமைக்க இறங்கினார். முதல் நாள் கீரையைக் காம்போடு போட்டுத் தண்ணீர் ஊற்றி வேகவைத்தார். அது மாட்டுக்கு வைப்பது போல இருந்தது. மறுநாளிலிருந்து ஜீப்பில் வரும் பெண்களிடம் பக்குவம் கேட்க ஆரம்பித்தார். மலைமெட்டு ஏறி முடிப்பதற்குள் ஆளுக்கொன்று சொல்லியிருப்பார்கள். கரண்டிக் காம்பால் கிளறினால் கட்டிப்படாது என்றாள் ஒருத்தி. முட்டையை உடைத்து ஊற்று என்றாள் இன்னொருத்தி. இருபது பெண்கள் சேர்ந்து அப்பாவைக் கேலி பண்ணியிருக்கிறார்கள். அவர் அதையும் சிரித்துக்கொண்டே வந்து சொல்லுவார்.

காலையில் கீரையை வதக்கி மூடி வைத்துவிட்டு அவர் போய்விடுவார். அம்மா மத்தியானம் சாப்பிட வேண்டும். சாயங்காலம் சட்டி காலியாக இருக்கும். அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தன் கைப்பக்குவம் தேறிவிட்டது என்று அவருக்கு நினைப்பு.

பக்கத்து வீட்டு அத்தைக்கு ஒரு பசு இருந்தது. எங்கள் வீட்டுக் கழுநீரைத் தினமும் அவர்தான் எடுத்துப்போவார். பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்தேன். பானையைத் தூக்கிக்கொண்டு போன அத்தை என்னைப் பார்த்து, உங்கள் வீட்டுக் கழுநீரில் இப்போதெல்லாம் கீரை நிறையக் கிடக்கிறது, மாடு சொட்டு விடாமல் குடிக்கிறது என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான்.

நான் உள்ளே ஓடினேன். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் புத்தகப் பையைக் கழற்றக்கூட இல்லை.

"எல்லாத்தையும் மாட்டுக்கு ஊத்திட்டியா? நீ செத்துப்போனா நான் யார்ட்ட இருப்பேன்?"

அப்படியொன்றைச் சொல்லப்போகிறேன் என்று வாயைத் திறக்கும்வரை எனக்கே தெரியாது. சொல்லி முடித்ததும் எனக்குத்தான் பயம் வந்தது. அடி விழும் என்று நின்றேன். அம்மா அடிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பாட்ட சொல்லிறாதத்தா," என்றாள். பிறகு, "நாளைலருந்து நீ வந்தப்புறம் திங்கிறேன். நீயும் எங்கூட உக்காரு. ஒரே தட்டுல திம்போம்."

மறுநாள் முதல் நாலு மணிக்கு ஒரு தட்டும் இரண்டு கைகளுமாக உட்கார்ந்தோம். அவள் ஒரு வாய், நான் ஒரு வாய். அவள் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவாள், நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவேன். யார் முதலில் முகத்தைச் சுளிக்கிறார்களோ அவர்களுக்கு இன்னொரு வாய் என்று சட்டம் போட்டேன். அதில் நான்தான் அதிகம் தோற்றேன். அம்மா சிரித்ததை வெகுநாள் கழித்து அப்போதுதான் பார்த்தேன்.

இதற்கிடையில், சிலமலையிலிருந்து ஜீப்புக்கு வரும் ஒரு பெண் சொன்னாரென்று அப்பா நிலக்கடலையை வறுத்து, வரமிளகாயும் பூண்டும் சேர்த்து இடித்துக் கீரையில் தூவினார். அன்று சட்டியின் அடியில் கொஞ்சம் பிடித்துவிட்டது. முறுகிக் கிடந்த அந்தக் கீரையைச் சுரண்டி ஆளுக்குக் கொஞ்சம் வாயில் போட்டோம். இரண்டு பேரும் மறுபடி சட்டிக்குள் கை விட்டோம். மறுநாளிலிருந்து வேண்டுமென்றே கொஞ்சம் அடிப்பிடிக்க விடும்படி அப்பாவிடம் சொன்னேன்.

ஒரு வாரம் கழித்து நான் வீட்டுக்கு வந்தபோது கீரை பாதிதான் இருந்தது. கழுநீர்ப் பானையைத் துழாவிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. எனக்காகக் காத்திருக்காமல் அம்மா தின்றிருந்தாள், அதுவும் முறுகலையெல்லாம். அதற்காக நான் அழுது சண்டை போட்டேன்.

அந்த மாதம் நர்ஸம்மா திட்டவில்லை. அடுத்த மாதம் தேனிப் பேச்சையே எடுக்கவில்லை. தம்பி போடியிலேயே பிறந்தான். கத்தின கத்தலில் வாசலில் நின்ற அப்பா திடுக்கிட்டுப்போனார். எல்லாவற்றுக்கும் காரணம் கடலைப்பொடிதான் என்று நான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள், நானும் பக்கத்தில் உட்கார்ந்து உருவினேன். அவளுக்கு இப்போது வாரம் மூன்று நாள் அது வேண்டும். அப்போது ஏன் அப்படி அடம்பிடித்தாய் என்று சும்மா கேட்டுவைத்தேன். அவள் மலையில் பிறந்தவள், தோட்டத்துக் குடியிருப்பில். அடைமழைக் காலத்தில் வேலை இருக்காது, அரிசியும் இருக்காது. ஓடையோரத்துக் காட்டுக்கீரையைப் பறித்து உப்புப் போட்டு அவித்து, அதையே நாள் கணக்கில் தின்றிருக்கிறார்கள். கல்யாணமாகிக் கீழே இறங்கிய அன்று, இனிமேல் கீரையைத் தொடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டாளாம்.

"அந்த வாடை வந்தாலே பசிக்க ஆரம்பிச்சிரும்த்தா. திங்கத் திங்கப் பசிக்கும்," என்றாள், கையிலிருந்த இணுக்கை உருவியபடியே.

எட்டு வயதில் எனக்குத் தெரிந்த பசி, பள்ளிக்கூடம் விட்டதும் வரும், தட்டைப் பார்த்ததும் போய்விடும். எதிரே உட்கார்ந்து அவள் கண்ணை மூடி விழுங்கியபோதெல்லாம், கீரை கசக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.