உழுதுபோட்ட மூலை

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஆய்வு மாணவியாக இருந்தபோது, மண் விடும் மூச்சை அளப்பதுதான் என் வேலை. மண்ணில் மட்கிக் கிடக்கும் இலைதழைகளை நுண்ணுயிர்கள் தின்னும்போது கரியமில வாயு வெளியேறும். உழுத நிலத்தில் அது எவ்வளவு, உழாத நிலத்தில் எவ்வளவு என்று ஒப்பிட வேண்டும். பிளாஸ்டிக் குழாயை வளையங்களாக அறுத்து, பாதியை மலையடிவாரத்துப் புதர்க்காட்டிலும் மீதியை வாடிப்பட்டி அருகே ஒருவருடைய மக்காச்சோளத் தோட்டத்து மூலையிலும் பதித்திருந்தேன். வாரம் தவறாமல் இரண்டு பஸ் மாறிப் போய் வளையங்களை மூடி வைத்து அளப்பேன்.

அறுவடை முடிந்த வாரம் போனால், தோட்டம் கருகிக் கிடந்தது. அறுத்த சோளத்தட்டையைக் கொளுத்திவிட்டு டிராக்டர் ஓட்டியிருந்தார்கள். மண்கட்டிகளுக்கு நடுவே என் வளையங்கள் சில்லு சில்லாகக் கிடந்தன.

தோட்டக்காரர் கிணற்றடியில் நின்றிருந்தார். அழுகை வந்துவிடுமோ என்று பயந்து கத்தினேன்.

"அண்ணே, அந்த மூலையை மட்டும் விட்ருங்கன்னு எம்புட்டு தடவை சொன்னேன்?"

"நான் டவுனுக்குப் போன நேரம் டிராக்டர்காரன் வந்து ஓட்டிட்டான், தாயி."

"தீ வச்சதும் அவன்தானா?"

"படைப்புழு விழுந்த தட்டை. அப்படியே விட்டா அடுத்த வெள்ளாமையையும் தின்னுரும்ல?" என்றவர், என் கையிலிருந்த நோட்டைப் பார்த்துக் கேட்டார். "நீயும் நாலு மாசமா வாரே, குனிஞ்சு எழுதுறே, போறே. என் மண்ணு எப்படியிருக்குன்னு ஒருநாளாச்சும் சொன்னியா?"

சொன்னதில்லை. அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது.

"காட்டு மண்ணுல இருக்குற மக்குன தழைச்சத்து இங்க கொஞ்சங்கூட இல்லண்ணே. புரட்டிப் போடப் போட, இருக்குறதும் காத்தாப் போகுது."

"அப்ப உழாம விட்டா களையை யாரு எடுப்பா? ஆள் கெடைக்குதா?"

தொழுவுரம் போடுங்கள் என்றேன். மாடுகளை விற்றே வெகுநாளாயிற்று என்றார். மண்ணிலிருந்து எவ்வளவு போகிறது என்று என் நோட்டில் பக்கம் பக்கமாக இருந்தது. போகாமல் வைத்துக்கொள்ள அவர் என்ன செய்யலாம் என்று ஒரு வரி இல்லை.

"இந்த சீசன் அளவு செல்லாதும்மா, மறுபடி ஆரம்பிங்க" என்றார் மறுநாள் என் ஆய்வு கைடு, கம்ப்யூட்டரிலிருந்து கண்ணெடுக்காமல்.

அதே மூலையில் புது வளையங்கள் பதித்தேன். அடுத்த அறுவடையில் தோட்டக்காரர் அந்த மூலையை மட்டும் கொளுத்தாமல் விட்டார். சுற்றிலும் மற்றதெல்லாம் எரிந்தது. புகையிலும் கரியமில வாயுதான், அதற்கு நடுவே எடுக்கும் அளவு எதற்கும் உதவாது என்று தெரிந்தும், இருமிக்கொண்டே மூடிகளைப் பொருத்தினேன்.