மெய்ஃபாங் கரையவிட்ட நாற்பது ட்யூப்கள்

வூஹானில் எங்கள் கம்பெனி மனிதப் புரதங்களைச் செய்து விற்கிறது. மனித ஜீனைப் பாக்டீரியாவுக்குள் புகுத்தி வளர்த்து, அது செய்கிற புரதத்தைப் பிரித்தெடுத்து, ட்யூப்பில் உறையவைத்து ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்புவோம். பிரித்தெடுப்பதில் கே மெய்ஃபாங்கை மிஞ்ச ஆள் கிடையாது. பத்தொன்பது வருஷ அனுபவம். காலையில் எள்ளு விழுது பிசைந்த நூடுல்ஸை நடந்தபடியே தின்றுகொண்டு வருவாள். வந்ததும் யாரையாவது வம்புக்கிழுப்பாள். "என்னடி, இன்னிக்கும் தலை சீவலையா? பாக்டீரியா பயந்துடப் போகுது" என்பாள் என்னிடம். நான் பொட்டலம் கட்டும் பிரிவு. அவள் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. என் மேல் அதைவிட அதிகம்.

ஜூன் கடைசியில் அவள் மகளின் கல்லூரி நுழைவுத் தேர்வு முடிவு வந்தது. லேபிள் மாற்றுவதற்காக நாற்பது ட்யூப்களை ஃப்ரீசரிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்திருந்தவள், மகளின் போன் வந்ததும் வெளியே ஓடினாள். நல்ல மதிப்பெண். சொந்தக்காரர் ஒருவரையும் விடாமல் போனில் சொல்லித் தீர்த்துவிட்டு அவள் திரும்பும்போது சாயங்காலம். எங்கள் ஊர் வெயிலைக் கேட்க வேண்டுமா! எல்லாம் கரைந்து வெதுவெதுவென்று கிடந்தன.

நரம்பு செல்களைக் கிளைவிட்டு வளரவைக்கும் புரதம் அது. சூடேறினால் உருக்குலைந்துவிடும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. வேறு எதுவும் கலந்திருக்கிறதா என்று காட்டும் ஜெல்லில் மெய்ஃபாங் ஒன்றை ஓட்டிப் பார்த்தாள். ஒரே கோடு, பளிச்சென்று.

"பாரு, எவ்வளவு சுத்தமா இருக்கு!"

"சுத்தம் சரி அக்கா, வேலை செய்யுமா?"

"செல்லுல போட்டுப் பாக்கப் பத்து நாள் ஆகும். நாளைக்கே அனுப்பணும். வாயை மூடிக்கிட்டுக் கட்டு."

அவள் திரும்ப உறையவைத்துத் தந்தாள், நான் வாயை மூடிக்கொண்டு கட்டினேன். கூடவே வைத்த தரச் சான்றிதழில் இருந்த அளவுகள் கரைவதற்கு முன்னால் எடுத்தவை.

அதில் ஒரு ட்யூப் லான்ஷோ நகரத்தில் ஷென் லின்யா என்ற ஆராய்ச்சி மாணவிக்குப் போனது. செப்டம்பரில் அவள் போன் பண்ணினாள். மெய்ஃபாங் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள், நான் பக்கத்தில் இருந்தேன்.

"அக்கா, செல் ஒண்ணுகூடக் கிளை விடலையே."

திரும்ப உறையவைத்தாலும் புரதம் கெடும் என்பதால், எந்தப் புகார் வந்தாலும் நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பழக்கதோஷம், மெய்ஃபாங்கின் வாயிலிருந்து அதுவே வந்தது. "கரைச்சதைத் திரும்ப உறைய வச்சியாம்மா?"

"ஒரே ஒரு தடவை. பாதி மிச்சமாச்சு, கொட்ட மனசு வரலை. என் தப்புதான் அக்கா, மன்னிச்சிடுங்க."

யார் யாரிடம் மன்னிப்புக் கேட்டது பாருங்கள்! போனை வைத்ததும், "உண்மையைச் சொல்லிடுங்க அக்கா" என்றேன். "சொன்னா வேலை போயிடும். பொண்ணு இப்பத்தான் காலேஜ்ல சேர்ந்திருக்கா" என்றாள். லின்யா மறுபடி இரண்டு ட்யூப் கேட்டாள். புதிதாகச் செய்தது எதுவும் இல்லை. அந்த நாற்பதிலிருந்தே போனது. அதையும் நான்தான் கட்டினேன். சீ, என்ன பிழைப்பு!

புத்தாண்டு விடுமுறை முடிந்ததும் மெய்ஃபாங் பொறுக்கமாட்டாமல், மிஞ்சியிருந்த ட்யூப்பை எடுத்துச் செல்களில் போட்டுப் பார்த்தாள். பத்து நாள் கழித்தும் எல்லாம் மொட்டையாகவே இருந்தன. உடனே லான்ஷோவுக்குப் போன் போட்டாள். எடுத்தவன் சொன்னான்: "லின்யாவா? படிப்பை விட்டுட்டு ஊருக்குப் போயிட்டாங்களே. 'உனக்கு இந்த வேலைக்குக் கை வராது'ன்னு பேராசிரியர் சொல்லிட்டார்."

மெய்ஃபாங் நடந்ததை எழுதி, தன் பெயரைப் போட்டு, பேராசிரியருக்கும் கம்பெனிக்கும் அனுப்பினாள். வேலை போயிற்று. லின்யாவின் இடத்தில் வேறு ஆள் சேர்ந்தாகிவிட்டது, வருந்துகிறேன் என்று பேராசிரியரிடமிருந்து இரண்டு வரி வந்தது.

அன்று மத்தியானம் மெய்ஃபாங் என் வீட்டுக்கு வந்தாள். தாமரைக்கிழங்கு சூப் வைத்தேன், தொடவில்லை. லின்யாவின் நம்பரை வாங்கி வைத்திருந்தாள். ஊரில் ஒரு மருந்துக்கடையில் நிற்கிறாளாம். மெய்ஃபாங் அவளுக்குப் போன் போட்டு ஒன்று விடாமல் சொன்னாள்.

"அப்போ நான் ஒழுங்காத்தான் செஞ்சிருக்கேனா அக்கா?"

"ஒழுங்காத்தான்மா செஞ்சிருக்கே."

"எங்கம்மாகிட்ட ஒரு தடவை சொல்றீங்களா? நான் சொன்னா சாக்கு சொல்றேன்னு நினைப்பாங்க."

அம்மா போனை வாங்கினார். மெய்ஃபாங் தன் பெயரைச் சொல்லி ஆரம்பித்தாள். மேசைமேல் கரைந்து கிடந்த ட்யூப்கள் வரைக்கும்தான் அவளால் சொல்ல முடிந்தது. மிச்சத்தை நான் போனை வாங்கிச் சொன்னேன்.